உன்னை அனுப்பியது யார்?

கூகுள் தேடல் பெட்டியில் ‘மது’ என்று தட்டுவதற்குள் மதுரை வானிலை, மதுரை ரயில் என்று கீழே ஒரு பட்டியல் வந்து தொங்குகிறது. பக்கம் அசையவில்லை. சக்கரம் எதுவும் சுற்றவில்லை. ‘அனுப்பு’ என்று நாம் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. ஆனாலும் ஒவ்வோர் எழுத்துக்கும் பிரவுசர் தானாகவே சர்வருக்கு ஒரு கோரிக்கை அனுப்பிப் பதிலை வாங்கி வந்துவிடுகிறது. முகநூலில் லைக் போடுவதும், ரயிலில் எத்தனை இருக்கை பாக்கி என்று பார்ப்பதும், மின்னஞ்சல் பெட்டியில் புதுக் கடிதம் வந்து விழுவதும் இதே வகைதான். பின்னணியில் ஓசையில்லாமல் ஓடும் இந்தக் கோரிக்கைக்கு ஒரு சுவாரஸ்யமான பூர்வீகம் உண்டு. அது போன இடமெல்லாம் கூடவே ஒரு வம்பும் போனது. வாசலில் வந்து நிற்கும் கோரிக்கை உண்மையிலேயே நம் பயனர் அனுப்பியதா, அவர் பெயரைச் சொல்லி வேறு யாரோ அனுப்பியதா?

வம்பு, கோரிக்கையைவிட மூத்தது. 1970களின் பிற்பாதியில் கலிஃபோர்னியாவில் டைம்ஷேர் என்றொரு நிறுவனம் தன் பெரிய கணினிகளைத் தொலைபேசி இணைப்பு வழியே பலருக்கும் நேரக் கணக்கில் வாடகைக்கு விட்டுவந்தது. அங்கே ஃபோர்ட்ரான் கம்பைலருக்கு ஒரு தனிச் சலுகை இருந்தது. பயன்பாட்டுப் புள்ளிவிவரங்களைத் தான் குடியிருக்கும் கோப்பகத்திலேயே அது எழுதி வைத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர்களின் பில் கணக்குக் கோப்பும் அதே கோப்பகத்தில்தான் இருந்தது. வாடிக்கையாளர் ஒருவர், பிழை தேடுவதற்கான தகவல்களை இன்ன கோப்பில் எழுது என்று கம்பைலரிடம் சொல்லும்போது அந்தப் பில் கோப்பின் பெயரைக் கொடுத்துவிட்டார். அவருக்கு அதைத் தொட உரிமை கிடையாது, கம்பைலருக்கு உண்டு. சொன்னபடி அது எழுதியது, பில் கணக்கு போயே போய்விட்டது. 1988இல் நார்ம் ஹார்டி இந்தச் சம்பவத்தை ஒரு குட்டிக் கட்டுரையாக எழுதி, அந்தக் கம்பைலருக்குக் ‘குழம்பிய பிரதிநிதி’ என்று பெயர் வைத்தார். யாருடைய அதிகாரத்தை வைத்து யாருடைய வேலையைச் செய்கிறோம் என்பது அதற்கே தெரியவில்லை. ஹார்டி எழுதிய ஆண்டில் வலை பிறந்திருக்கவில்லை. பிறந்த சில ஆண்டுகளில், உலகம் கண்டதிலேயே பெரிய குழம்பிய பிரதிநிதியாகப் பிரவுசர் வளர்ந்துவிட்டது.

அதற்கு வழி செய்தது ஒரு நல்ல காரியம். வலையின் அடிப்படை நெறியான எச்டிடிபிக்கு ஞாபக சக்தி கிடையாது. ஒரு கோரிக்கைக்குப் பதில் தந்ததும் கேட்டவரை மறந்துவிடும். 1994இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான எம்சிஐ, இணையத்தில் கடை போட விரும்பியது. ஆனால் பாதி வாங்கி, பாதி யோசித்துக்கொண்டிருக்கும் ஆட்களின் கணக்கையெல்லாம் தன் சர்வரில் சேர்த்து வைக்க அதற்கு மனமில்லை. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மான்டுல்லி என்ற இளைஞர், அந்தக் கணக்கை வாங்குபவரின் பிரவுசரிலேயே வைத்துவிடலாம் என்றார். யூனிக்ஸ்காரர்களிடம் ஏற்கெனவே புழங்கிய ஒரு யுக்தியை எடுத்து அவர் செய்ததுதான் குக்கீ. கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தில் கொடுக்கிறார்களே, அந்த டோக்கன் மாதிரி. டோக்கனை நீட்டினால் செருப்பு வரும், முகத்தை யாரும் பார்ப்பதில்லை. இதில் பிரவுசர் ஒரு கூடுதல் உபகாரமும் செய்தது. அந்தத் தளத்துக்கு எந்தக் காரணத்துக்காகக் கோரிக்கை போனாலும், அதைத் தூண்டியது யாராக இருந்தாலும், டோக்கனைத் தானே எடுத்து நீட்டிவிடும். இனி வரும் கதை முழுக்க அந்த உபகாரத்தின் விளைவு.

1995 மே மாதத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஒரு நிரல்மொழிக்கு முதல் வடிவம் கொடுத்தார். ஜாவாஸ்கிரிப்ட் என்ற பெயரில் அது நெட்ஸ்கேப் 2இல் வெளிவந்தது. அதே பதிப்பில் ஒரே சன்னலுக்குள் பல பக்கங்களைத் திறக்கும் ஃபிரேம் வசதியும் வந்தது. இரண்டும் ஒரே வீட்டில் குடியேறியதும் நெட்ஸ்கேப்காரர்களுக்கு ஒரு பயம் வந்தது. ஒரு ஃபிரேமில் யாரோ ஒருவரின் பக்கம், பக்கத்து ஃபிரேமில் என் வங்கிக் கணக்கு. முதல் பக்கத்து நிரல் இரண்டாவதை எட்டிப் படித்தால் என்ன ஆவது? அப்படிப் பிறந்ததுதான் ‘ஒரே மூலம்’ என்ற விதி. நெறி, தளப்பெயர், போர்ட் எண் மூன்றும் பொருந்தினால் மட்டுமே ஒரு பக்கத்தை இன்னொரு பக்கத்தின் நிரல் படிக்கலாம்.

படிக்கத்தான் தடை. அனுப்பத் தடையில்லை. தடை போட முடியாத நிலையும் இருந்தது. 1993இல் மொசைக் பிரவுசர் காலத்திலிருந்தே எந்தத் தளத்தின் படத்தையும் எந்தப் பக்கத்திலும் ஒட்டலாம், எந்தப் படிவத்தையும் எந்தத் தளத்துக்கும் அனுப்பலாம் என்பதுதான் வலையின் குணம். ஆகவே ஒரு சினிமாச் செய்திப் பக்கத்தில் ஒருவர் படம் ஒட்டுவது போல ஒரு முகவரியை வைக்கிறார்; அது படத்தின் முகவரி அல்ல, உங்கள் வங்கியில் பணம் மாற்றும் முகவரி என்று வையுங்கள். பிரவுசர் படம் வாங்கத்தான் போகிறோம் என்ற நினைப்பில் வங்கிக்குப் போகிறது, வழக்கம்போல டோக்கனை நீட்டுகிறது. வங்கி பணத்தை மாற்றிவிடுகிறது. திரும்பி வந்த பதில் படமாக இல்லையே என்று பிரவுசர் ஓர் உடைந்த சின்னத்தைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும். பதிலைப் படிக்க முடியாதே என்று திருடன் வருந்தப் போவதில்லை, வேலைதான் முடிந்துவிட்டதே. 2001இல் பீட்டர் வாட்கின்ஸ் என்பவர் இதற்கு சிஎஸ்ஆர்எஃப் என்று பெயர் சூட்டினார். பெயர் வந்த பிறகும் பல ஆண்டுகள் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு.

இதற்கிடையில் நம் கதாநாயகன் பிறந்துவிட்டான், அதுவும் கொஞ்சம் கள்ளத்தனமாக. 1998 வாக்கில் மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்சேஞ்ச் குழு, அவுட்லுக் அஞ்சல் பெட்டியைப் பிரவுசருக்குள் கொண்டுவரப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கடிதத்தை அழித்தால்கூடப் பக்கம் முழுவதும் மறுபடி வந்து இறங்க வேண்டியிருந்தது. அக்குழுவில் இருந்த அலெக்ஸ் ஹாப்மன் ஒரு வார இறுதியில் உட்கார்ந்து, பக்கத்தைத் தொடாமல் பின்னணியில் சர்வரோடு பேசும் சிறு பொருள் ஒன்றை எழுதினார். எழுதியாயிற்று, மக்கள் கைக்கு எப்படிச் சேர்ப்பது? இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 வெளிவரும் தறுவாயில் இருந்தது. அதில் புதிதாக எதையும் சேர்க்கும் காலம் ஏறக்குறைய முடிந்துபோயிருந்தது. ஆனால் அதனுடன் சேர்ந்து வரவிருந்த எக்ஸ்எம்எல் நூலகத்தின் குழுவுக்கு இந்த யோசனை பிடித்துவிட்டது. அந்த மூட்டைக்குள் வைத்தால் போய்விடும். ‘எக்ஸ்எம்எல்எச்டிடிபி’ என்று பெயர் வந்த ரகசியம் இதுதான். எக்ஸ்எம்எல்லுக்கும் இதற்கும் பெரிய உறவு ஒன்றும் கிடையாது, ஏறிவந்த வண்டியின் பெயரையே வைத்துக்கொண்டது. 1999 மார்ச்சில் ஐஇ5 வந்தது. இன்றுவரை கோடிக்கணக்கான வரிகளில் அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அடுத்து வந்தவர்கள் நகலெடுத்தவர்கள். மொசில்லாகாரர்கள் அதே குணமுள்ள பொருளை எக்ஸ்எம்எல்எச்டிடிபிரிக்வெஸ்ட் என்ற பெயரில் தங்கள் பிரவுசருக்குச் செய்துகொண்டார்கள். 2002இல் மொசில்லா 1.0 வந்தபோது அது உருப்படியாக வேலை செய்தது. 2004இல் ஆப்பிளின் சஃபாரி, 2005இல் ஓபரா. யாரிடமும் எழுதி வைத்த இலக்கணம் இல்லை. மைக்ரோசாஃப்ட்டின் பொருள் எப்படி நடந்துகொள்கிறதோ, பார்த்துப் பார்த்து அப்படியே நடக்க வைத்தார்கள். தரநிர்ணய அமைப்பான டபிள்யூ3சி இதற்கு முதல் வரைவு வெளியிட்டது 2006 ஏப்ரலில், அதாவது குழந்தைக்கு ஏழு வயதான பிறகு. நகலெடுத்தவர்கள் செய்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். ‘ஒரே மூலம்’ விதியை இந்தப் பொருளுக்கும் பூட்டி வைத்தார்கள். பக்கம் எந்தத் தளத்திலிருந்து வந்ததோ அந்தத் தளத்தோடு மட்டுமே பின்னணியில் பேசலாம்.

பொருள் இருந்தும் சில ஆண்டுகள் அது மூலையில்தான் கிடந்தது. 2004 ஏப்ரல் முதல் தேதி, முட்டாள்கள் தினத்தில், ஜிமெயில் வந்தது. ஒரு ஜிபி இடம் இலவசம் என்றதும் விளையாட்டு என்றே பலர் நினைத்தார்கள். டிசம்பரில் கூகுள் சஜெஸ்ட், 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ். வரைபடத்தைச் சுட்டியால் பிடித்து இழுத்தால் அது நகர்ந்த விதத்தைப் பார்த்து நிரலாளர்களே அசந்துபோனார்கள். அதே பிப்ரவரி 18ஆம் தேதி, சான்ஃபிரான்சிஸ்கோவில் ஆலோசனை நிறுவனம் நடத்திய ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் இந்த முழு உத்திக்கும் ‘ஏஜாக்ஸ்’ என்று பெயரிட்டுக் கட்டுரை எழுதினார். வாடிக்கையாளரிடம் விளக்க ஒரு சின்னப் பெயர் வேண்டியிருந்தது. குளிக்கும்போது அது தோன்றியதாம். புதிதாக எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. இருந்தாலும் அந்தப் பெயர் வந்த பிறகுதான் ஊர் முழுக்க இதைச் செய்யக் கிளம்பியது. சென்னையில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்த அட்வென்ட்நெட், பிரவுசருக்குள்ளேயே எழுதித் திருத்தும் ஸோஹோ ரைட்டரை வெளியிட்டதும் அதே 2005இல்தான். நிறுவனத்தின் பெயரே பின்னாளில் ஸோஹோ ஆகிவிட்டது.

ஊர் கிளம்பினால் திருடனும் கிளம்புவான். ஆனால் முதலில் கிளம்பியவன் திருடன்கூட இல்லை, விளையாட்டுப் பிள்ளை. 2005 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த சமி கம்கார் என்ற பத்தொன்பது வயது இளைஞர், மைஸ்பேஸ் தளத்தில் தன் நண்பர் பட்டியலைக் கொஞ்சம் நீளமாக்க நினைத்தார். சுயவிவரப் பக்கத்தில் ஜாவாஸ்கிரிப்ட் எழுத மைஸ்பேஸ் விடாது. அந்தச் சொல்லைக் கண்டாலே வெட்டிவிடும். சொல்லை நடுவில் முறித்து அடுத்த வரியில் எழுதினார் சமி. மைஸ்பேஸின் வடிகட்டிக்கு அது வேறு சொல்லாகத் தெரிந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரோ இரு துண்டுகளையும் அன்போடு ஒட்டி வாசித்தது.

அடுத்த தடை, நண்பராகச் சேர்க்கும் படிவத்தில் இருந்த ஒரு ரகசிய எண். சிஎஸ்ஆர்எஃப் திருட்டுக்கு அன்றும் இன்றும் முதல் மருந்து அதுதான். படிவத்தைக் கொடுக்கும்போதே சர்வர் அதில் ஊகிக்க முடியாத ஓர் எண்ணை ஒளித்து வைக்கும். படிவம் திரும்பும்போது அந்த எண்ணும் திரும்பி வந்தால்தான் ஏற்கும். வெளித்தளத்துக்காரருக்குப் பக்கத்தைப் படிக்க அனுமதி இல்லாததால் எண் தெரியாது. ஆனால் சமியின் நிரல் வெளியே இல்லையே, மைஸ்பேஸ் பக்கத்துக்குள்ளேயே அல்லவா உட்கார்ந்திருக்கிறது? பின்னணியில் ஒரு கோரிக்கை அனுப்பிப் படிவத்தை வாங்கி, எண்ணைப் பொறுக்கி, இரண்டாவது கோரிக்கையில் சேர்த்து அனுப்பியது. இடையில் இன்னொரு சிக்கல்: சுயவிவரம் ஒரு துணைத்தளத்தில், படிவம் இன்னொன்றில். ‘ஒரே மூலம்’ விதி குறுக்கே நின்றது. பார்ப்பவர் துணைத்தளத்தில் இருந்தால் அவரைச் சத்தமில்லாமல் முதன்மைத் தளத்து முகவரிக்கு மாற்றிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். பக்கத்தைப் பார்த்தவர் ஒவ்வொருவரும் சமியின் நண்பரானார். அவருடைய பக்கத்திலும் அதே நிரல் ஒட்டிக்கொண்டது. சுமார் இருபது மணி நேரத்தில் பத்து லட்சத்துக்கும் மேல். மைஸ்பேஸ் தளத்தையே கொஞ்ச நேரம் மூடவேண்டியதாயிற்று. சமிக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு கிடைத்தது. உள்ளே புகுந்த நிரலை எந்த ரகசிய எண்ணும் தடுக்காது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை. பின்னாளில் அவர் பாதுகாப்பு ஆய்வாளராகவே பெயர் பெற்றார்.

2006 தொடக்கத்தில் ஜெரமையா கிராஸ்மன் வேறொரு ஓட்டையைக் கண்டார். ஏஜாக்ஸ் பதில்கள் பெரும்பாலும் ஜேசன் என்ற வடிவில் வரும். அது பார்வைக்கு ஜாவாஸ்கிரிப்ட் பட்டியலைப் போலவே இருக்கும். வெளித்தளத்து நிரலை நம் பக்கத்தில் ஏற்றிக்கொள்ள வலை எப்போதுமே அனுமதித்து வந்திருக்கிறது. அப்படியானால் ஜிமெயிலின் முகவரிப் பட்டியலையே ‘நிரல்’ என்று சொல்லி ஏற்றினால்? பிரவுசர் குக்கீயை நீட்டும், பட்டியல் வந்து சேரும். அன்றைய பிரவுசர்களில் பட்டியல் உருவாகும் விதத்தையே மாற்றி எழுத முடிந்ததால், வந்த முகவரிகளை அள்ளிக்கொள்ளலாம். கூகுள் அந்த ஓட்டையை அடைத்தது. கூகுளும் ஃபேஸ்புக்கும் பின்னர் கையாண்ட பூட்டு எனக்கு மிகவும் பிடித்தது. பதிலின் தலையில் முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு கட்டளையை எழுதி வைத்தார்கள். திருடன் அதை நிரலாக ஏற்றினால் அவன் பக்கம் அங்கேயே சுற்றி நின்றுவிடும். நம் வீட்டு நிரலோ பதிலை வெறும் எழுத்தாக வாங்கி, தலையை வெட்டிவிட்டு மீதியைப் படித்துக்கொள்ளும்.

இனி வருவது நகலெடுப்பின் மகத்தான அத்தியாயம். ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற கட்டமைப்போடு சேர்ந்து சாம் ஸ்டீஃபன்சன் எழுதிய புரோட்டோடைப் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் 2005இல் பரவியது. அது அனுப்பும் ஒவ்வொரு பின்னணிக் கோரிக்கையிலும் ‘எக்ஸ்-ரிக்வெஸ்டட்-வித்’ என்று ஒரு ஹெடர், அதாவது தலைக்குறிப்பு, இருக்கும். கேட்பது பின்னணிக் கோரிக்கை, முழுப் பக்கம் வேண்டாம், துண்டு போதும் என்று சர்வருக்குச் சொல்லும் சௌகரியத்துக்காக வைத்தது. ஜெக்வெரி, டோஜோ என்று வந்தவர்கள் எல்லாரும் அதையே பார்த்து எழுதினார்கள். பிறகு யாருக்கோ ஒரு யோசனை உதித்தது. வெளித்தளத்துப் படிவத்தால் ஹெடர் சேர்க்க முடியாது. வெளித்தளத்து நிரலால் நம்மோடு பின்னணியில் பேச முடியாது. ஆக, இந்த ஹெடர் இருந்தால் கோரிக்கை நம் வீட்டுப் பக்கத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும்! ரெயில்ஸும் பைத்தானின் ஜாங்கோவும் அதை நம்பி, ஏஜாக்ஸ் கோரிக்கைகளுக்கு ரகசிய எண் சோதனையிலிருந்து விலக்கு அளித்தன. சௌகரியத்துக்கு ஒட்டிய சீட்டு, அடையாள அட்டையாகிவிட்டது.

வாதத்தில் பிழை சொல்ல முடியாது. பிரவுசருக்குள் பிரவுசர் மட்டுமே இருந்திருந்தால் அது நின்றிருக்கும். ஆனால் அன்று பிரவுசருக்குள் ப்ளக்-இன்களும் குடியிருந்தன. ஒரு ப்ளக்-இன் தன் சொந்தத் தளத்துக்கு ஹெடரோடு கோரிக்கை அனுப்பும். அந்தத் தளம், ‘இங்கே இல்லை, அங்கே போ’ என்று இன்னொரு முகவரிக்குத் திருப்பிவிடும். கோரிக்கை அந்த ஹெடரைச் சுமந்துகொண்டே அங்கே போய்ச் சேரும். கூகுள் பொறியாளர்கள் இதை ரெயில்ஸ் குழுவிடம் சொல்ல, தங்கள் வீட்டிலும் அதே ஓட்டை என்று ஜாங்கோ குழுவுக்கும் தெரியவந்தது. 2011 பிப்ரவரி 8ஆம் தேதி இரு குழுக்களும் ஒரே நாளில் திருத்தப் பதிப்புகள் வெளியிட்டன: ரெயில்ஸ் 3.0.4, 2.3.11, ஜாங்கோ 1.2.5. விலக்கு ரத்து, ஏஜாக்ஸ் உட்பட எல்லோரும் ரகசிய எண்ணைக் காட்ட வேண்டும்.

ஜாங்கோவின் புதிய பதிப்பைப் போட்டவர்களின் தளங்களில் பின்னணிக் கோரிக்கைகள் 403, அதாவது அனுமதி இல்லை, என்று திரும்பி வந்தன. ஜாங்கோ தன் ஆவணத்தில் ஒரு சிறு ஜாவாஸ்கிரிப்ட் துண்டைக் கொடுத்தது. குக்கீயிலிருந்து ரகசிய எண்ணை எடுத்து ஒவ்வொரு கோரிக்கையின் ஹெடரிலும் அது வைத்துவிடும். பார்த்த கையோடு எல்லோரும் அதைத் தம் தளத்தில் ஒட்டிக்கொண்டார்கள். அந்தத் துண்டில் ஒரு முக்கியமான சோதனை இருந்தது: போகும் முகவரி நம் தளத்துடையதா என்று பார், வெளித்தளம் என்றால் எண்ணைக் கொடுக்காதே. இந்தச் சோதனை கேட்கச் சுலபம், எழுதத்தான் கஷ்டம். 2015இல் ரெயில்ஸோடு வரும் ஜெக்வெரி துணை நூலகத்தில் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. முகவரிக்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டால் போதும், நூலகம் அதை உள்ளூர் முகவரி என்று எண்ணி ரகசிய எண்ணை வெளியாருக்குக் கொடுத்துவிடும். ஒரே ஒரு வெற்றிடம்! 2023இல் உலகெங்கும் புழங்கும் ஆக்ஸியோஸ் நூலகமும் ரகசிய எண்ணைக் கண்ட தளத்துக்கெல்லாம் சுமந்து போய்க் கொடுப்பது தெரியவந்து திருத்தப்பட்டது. எட்டு ஆண்டு இடைவெளியில் ஏறக்குறைய அதே தவறு.

வெளித்தளத்தோடு பேசுவதே குற்றமில்லை. வானிலைத் தகவலோ வரைபடமோ வேறொரு சர்வரிலிருந்து வரவேண்டியிருக்கும். அதற்கு முறையான அனுமதிச் சீட்டு கண்டுபிடிக்கப்பட்ட இடம் யாரும் எதிர்பாராதது: தொலைபேசியில் பேசும் இயந்திரக் குரல். ‘வங்கி இருப்புக்கு ஒன்றை அழுத்தவும்’ வகையறாச் சேவைகளை எழுத வாய்ஸ்எக்ஸ்எம்எல் என்றொரு மொழி உண்டு. அந்தத் தொழிலில் இருந்த டெல்மீ நிறுவனத்துப் பொறியாளர்கள் 2004இல் ஒரு யோசனை சொன்னார்கள். தகவலை யார் யார் படிக்கலாம் என்பதைத் தகவல் தரும் சர்வரே எழுதி அனுப்பட்டும் என்றார்கள். அது மெல்லப் பிரவுசருக்கு இடம்பெயர்ந்து கார்ஸ் என்ற பெயர் பெற்று, 2009இல் ஃபயர்ஃபாக்ஸ் 3.5இல் நுழைந்து, 2014இல் முறைப்படி தரநிலையானது. ஆபத்தான கோரிக்கை என்றால் பிரவுசர் முதலில் வெறுங்கையோடு போய், ‘அனுப்பட்டுமா?’ என்று கேட்டுவிட்டு வரும். நல்ல ஏற்பாடு. ஆனால் கன்சோலில் சிவப்பு எழுத்தைக் கண்ட நிரலாளர் முதலில் செய்வது, எங்கிருந்தோ ஒரு நட்சத்திரக் குறியை எடுத்து ‘எல்லோரும் வரலாம்’ என்று எழுதிவிடுவது. குக்கீயோடு வரும் கோரிக்கைக்கு நட்சத்திரம் செல்லாது என்று விதி சொன்னதும், கேட்டவர் பெயரையே அனுமதிப் பட்டியலாகத் திருப்பி எழுதும் சர்வர்கள் முளைத்தன. 2016இல் ஜேம்ஸ் கெட்டில் இப்படிப்பட்ட பிட்காயின் சந்தைகளைத் தேடிக் கண்டுபிடித்து, காசைக் கொள்ளையடிக்க முடியும் என்று காட்டினார்.

பாதுகாப்பில் இன்னொரு பாதியும் உண்டு. அதில் திருடன் யாரும் இல்லை. முதல் பத்தியில் பார்த்த பட்டியலுக்கே வருவோம். ‘மது’ என்ற கோரிக்கை முதலில் போகிறது, ‘மதுரை’ பின்னால் போகிறது. இரண்டாவதன் பதில் முதலில் வந்துவிட்டது. பட்டியலும் சரியாகத் தெரிகிறது. அரை நொடி கழித்து முதலாவதன் பதில் சாவகாசமாக வந்து, சரியான பட்டியலை அழித்துவிட்டுத் தன்னை எழுதிக்கொள்கிறது. தேடல் பெட்டியில் இது எரிச்சல். பங்குச் சந்தைத் தளத்தில் இது பணம். கிளம்பிய கோரிக்கைகளின் பதில்களை ஒழுங்காகக் கையாள ‘பிராமிஸ்’ என்ற ஏற்பாடு வந்த வழி நீளமானது. 1976இல் இந்தியானா பல்கலைக்கழகத்தின் டேனியல் ஃபிரீட்மனும் டேவிட் வைஸும் பெயர் வைத்தார்கள். 1988இல் எம்ஐடியில் பார்பரா லிஸ்கோவும் லூபா ஷ்ரீராவும் வலைப்பின்னலில் பரவிய நிரல்களுக்காக அதை வடிவமைத்தார்கள். பைத்தானின் ட்விஸ்டட் நூலகம் அதன் உறவுக்காரனை ‘டிஃபர்ட்’ என்று வளர்த்தது. 2005இல் பாப் இப்போலிட்டோ தன் மோச்சிகிட் நூலகத்தின் வழியே அதை ஜாவாஸ்கிரிப்ட்டுக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து டோஜோ, பிறகு ஜெக்வெரி, கடைசியில் 2015இல் மொழிக்குள்ளேயே இடம்.

அதே 2015இல் ஐஇ5 காலத்துப் பொருளுக்கு வாரிசாக ‘ஃபெட்ச்’ வந்தது. வாரிசு இரண்டு விஷயத்தில் அப்பனைப் போல இல்லை. ஒன்று, கிளம்பிய கோரிக்கையைத் திரும்பக் கூப்பிட வழியில்லை. பிராமிஸையே ரத்து செய்யும் முன்மொழிவு 2016 இறுதியில் கைவிடப்பட்டது. தனியாக ஒரு நிறுத்தக் கருவி 2017இல் பிரவுசர்களுக்கு வரத் தொடங்கியது. இரண்டு, கேட்காவிட்டால் குக்கீயை எடுத்துப் போகாது, சொந்தத் தளத்துக்குக்கூட. இருபது ஆண்டுகளுக்கும் மேலான உபகாரத்தை ஒரு பொருள் செய்ய மறுத்தது! உள்ளே நுழைந்திருந்தும் ‘நீங்கள் யார்?’ என்று சர்வர் கேட்பதைக் கண்டு நிரலாளர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். 2017 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது: சொந்தத் தளம் என்றால் எடுத்துப் போகலாம்.

உபகாரத்தின் ஆணிவேரில் கைவைத்தது குரோம்தான். 2016இல் ‘சேம்சைட்’ என்ற குறியைக் குக்கீயில் எழுத வழி செய்தார்கள்: வெளித்தளம் தூண்டிய கோரிக்கைக்கு என்னை எடுத்துப் போகாதே என்று குக்கீயே சொல்லும். கேட்டவர்களுக்கு மட்டும் கிடைத்த இந்தக் காவலை, 2020 பிப்ரவரியில் குரோம் 80 கேட்காதவர்களுக்கும் கொடுக்கத் தொடங்கியது. ஏப்ரலில் பின்வாங்கியது. கொரோனா ஊரடங்கில் மளிகை, வங்கி, மருத்துவத் தளங்கள் எதுவும் உடைந்துவிடக் கூடாதே என்று. ஜூலையில் மறுபடி தொடங்கினார்கள். ஒரு சின்னச் சன்னலையும் திறந்து வைத்தார்கள்: குறி எதுவும் எழுதப்படாத குக்கீ, வைத்த இரண்டு நிமிடம் வரை, வெளித்தளத்திலிருந்து பக்கத்தையே மாற்றிக்கொண்டு வரும் படிவத்தோடு போகலாம். வெளித்தளத்தில் உள்நுழைந்துவிட்டுத் திரும்பி வருபவர்களின் படிவம் அப்படித்தான் வரும்; அதை அடைத்தால் அவர்கள் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

இதற்கிடையே 2019இல் குரோம் 76, ‘செக்-ஃபெட்ச்-சைட்’ என்றொரு ஹெடரை அனுப்பத் தொடங்கியது. கோரிக்கையைத் தூண்டியது சொந்தத் தளமா, வெளித்தளமா, பயனரே முகவரியைத் தட்டினாரா என்று பிரவுசர் தன் வாயால் சொல்லும். ‘செக்-’ என்று தொடங்கும் ஹெடர்களைப் பக்கத்து நிரல் எதுவும் எழுதவோ திருத்தவோ முடியாது. 2011இல் மாட்டிக்கொண்ட ஹெடருக்கு இல்லாத யோகம் இது. மற்றப் பிரவுசர்களும் ஒவ்வொன்றாக இதை ஏற்றுக்கொண்டன. 2025 ஆகஸ்டில் வந்த கோ 1.25 மொழி, ரகசிய எண்ணே இல்லாத சிஎஸ்ஆர்எஃப் காவலைத் தன் நூலகத்தில் சேர்த்தது. முதலில் அந்த ஹெடரைப் பார்க்கும். இல்லையென்றால், கோரிக்கை எந்தத் தளத்துப் பக்கத்திலிருந்து கிளம்பியது என்று சொல்லும் ஆரிஜின் ஹெடரைத் தன் தளப்பெயரோடு ஒப்பிடும். இரண்டுமே இல்லாவிட்டால், ஒன்று கோரிக்கை நம் தளத்துடையது, இல்லையேல் வந்தது பிரவுசரே அல்ல என்று எடுத்துக்கொண்டு, மறுபேச்சில்லாமல் உள்ளே விட்டுவிடும்.